கெமிக்கல் ஆங்கரா, சாதாரண ஃபாஸ்டனரா? கெமிக்கல் என்றால் எந்தக் கெமிக்கல்?

படிக்கட்டுக் கைப்பிடி, வாட்டர் ஹீட்டர், இயந்திரத்தின் பேஸ் பிளேட், வாசலுக்கு மேல் ஒரு சிறு கூரை. இப்படி எதையாவது கான்கிரீட்டிலோ செங்கல்லிலோ பிடித்து நிறுத்த வேண்டி வரும்போதெல்லாம் ஒரே குழப்பம்தான். ஒருவர் ‘கெமிக்கல் போடுங்கள், அதுதான் கெட்டி’ என்பார். இன்னொருவர் ‘அதெல்லாம் வீண் செலவு, ஃபாஸ்டனர் அடித்து முடுக்கினால் போதும்’ என்பார். கெமிக்கல் என்பது துளையில் பசை நிரப்பி அதில் மரை வெட்டிய கம்பியை (திரெட் ராடு) பதிக்கும் ஆங்கர். ஃபாஸ்டனர் என்பது துளைக்குள் விரிந்து இறுகும் இரும்பு ஆங்கர். சரி, கெமிக்கல் என்றே முடிவெடுத்தாலும் குழப்பம் தீர்வதில்லை. பசை பாலியஸ்டரா, வினைல் எஸ்டரா, எபாக்ஸியா என்று அடுத்த கேள்வி வந்து நிற்கும்.

இரண்டு பேர் சொல்வதும் சில இடங்களில் சரி, சில இடங்களில் ஆபத்து. பசை அடைத்து வரும் குழாயான கார்ட்ரிட்ஜின் அட்டையில் போட்டிருக்கும் வலிமை எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள் வாலைப் பிடித்துத் தொடங்குகிறார்கள் என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது சுவர். அடுத்து சுமை, அப்புறம் வெப்பமும் நேரமும். எந்தப் பசை என்பது கடைசியில்தான் வரும், அதுவும் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

துளை எதில் விழுகிறது? திடமான கான்கிரீட், திடச் செங்கல், துளையுள்ள செங்கல், ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ்கள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல்) என்று ஒவ்வொன்றும் வேறு உலகம். பூச்சு எல்லாவற்றையும் ஒரே மாதிரி மூடி வைத்திருக்கும். மறைவான ஓரிடத்தில் ஒரு சோதனைத் துளை போட்டுப் பார்த்துவிடுங்கள். சாம்பல் நிறத் தூள் சீராக வந்தால் கான்கிரீட். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். டிரில் திடீரென்று உள்ளே விழுந்தால் உள்ளே வெற்றிடம். கான்கிரீட் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த இடத்தில் விரிசல் வரக்கூடுமா? விட்டத்தின் அடிப்பக்கம், ஸ்லாபின் அடிப்பக்கம் போன்ற இழுவைப் பகுதிகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருப்பது இயல்பு. ஆங்கரின் வழியே ஒரு விரிசல் ஓடினால், கான்கிரீட் உடைந்து வரும் வலிமை விரிசலற்ற நிலையில் இருந்ததில் சுமார் 70 சதவீதமாகக் குறையும் என்று ஐரோப்பிய வடிவமைப்பு விதியான இஎன் 1992-4 கணக்கிடுகிறது.

சுமை எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு காலம்? சுவரோடு சேர்த்துக் கீழ்நோக்கி அழுத்துவது வெட்டுவிசை. சுவரை விட்டு வெளியே இழுப்பது இழுவிசை. ஆங்கர்கள் தோற்பது பெரும்பாலும் இழுவையில். அந்த இழுவை காற்றடிக்கும்போது மட்டும் வருகிறதா, ராப்பகலாக ஆண்டுக்கணக்கில் தொங்குகிறதா என்பது பசை ஆங்கர்களுக்கு மிக முக்கியம். இதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

ஓரம் எவ்வளவு தூரம்? கான்கிரீட்டின் விளிம்பு, செங்கல் சுவரின் முனை, பக்கத்து ஆங்கர் மூன்றுமே கணக்கில் வரும்.

வெப்பமும் ஈரமும். போடும் நேரத்தில் சுவரின் சூடு என்ன, பிறகு ஆயுள் முழுக்க அது எவ்வளவு சூடாகும், தண்ணீர் படுமா?

எப்போது சுமை ஏற்ற வேண்டும்? உடனேயா, ஒரு மணி நேரம் கழித்தா, நாளைக்கா?

பிறகு கழற்ற வேண்டியிருக்குமா? கெமிக்கல் ஆங்கரைக் கழற்ற முடியாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

## பிடிப்பு எப்படி வருகிறது

விரியும் ஆங்கர் துளையின் பக்கச் சுவரை நெம்பி, உராய்வால் பிடித்துக்கொள்கிறது. நட்டை முடுக்கும் கணத்திலிருந்தே கான்கிரீட்டை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ ஆங்கர் கான்கிரீட்டிலேயே மரை வெட்டிக்கொண்டு போகும். கெமிக்கல் ஆங்கரில் திரெட் ராடுக்கும் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பசை நிரப்பி, நீளம் முழுக்கச் சுமையைப் பகிர்கிறது. நிறுவும்போது அது கான்கிரீட்டை நெம்புவதில்லை. ஓரத்துக்கு அருகில் கெமிக்கல்தான் நல்லது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

ஆனால் இதை நீட்டி, ‘கெமிக்கல் என்றால் ஓரத்தை ஒட்டியே போடலாம்’ என்று சொல்கிறார்களே, அது தவறு. எந்த ஆங்கரை இழுத்தாலும் கான்கிரீட் ஒரு கூம்பு வடிவத்தில் பிய்ந்து வரப் பார்க்கும். அந்தக் கூம்பு முழுதாக அமைய, ஓரம் பதிப்பு ஆழத்தை (ஆங்கர் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்கும் நீளத்தை) போல் ஒன்றரை மடங்கு தள்ளியிருக்க வேண்டும். 110 மிமீ ஆழம் என்றால் 165 மிமீ. அதே ஆங்கரை ஓரத்திலிருந்து 60 மிமீயில் போட்டால் கூம்பின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு, இழுவைத் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். எந்தப் பசையும் இந்தக் கணக்கை மாற்றாது.

ஆழத்தின் பலன் இதே கணக்கில் மறுபக்கமாக வரும். கூம்பின் வலிமை ஆழத்தின் ஒன்றரை அடுக்கில் ஏறுகிறது. 80 மிமீயை 110 மிமீ ஆக்கினால் 1.6 மடங்கு. கெமிக்கலில் ஆழத்தை விருப்பம்போல் கூட்டிக்கொள்ளலாம், விரியும் ஆங்கரில் நீளம் தயாரிப்பாளர் கொடுத்ததுதான். கெமிக்கலின் உண்மையான ஆதாயம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், ‘பசையின் பலம்’ என்பதில் அல்ல.

## விரியும் ஆங்கர்

திடமான கான்கிரீட், போதுமான ஓரம், நடுத்தரச் சுமை. இந்த மூன்றும் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. எம்12, அதாவது 12 மிமீ தடிமனுள்ள ஆங்கருக்கு 12 மிமீ துளை. பொருத்த வேண்டிய தகட்டின் வழியாகவே துளை போட்டு, அடித்து, டார்க் ரெஞ்சில் (குறித்த முறுக்கு அளவுக்கு முடுக்கும் ஸ்பேனர்) முடுக்கினால் அந்த நிமிடமே சுமை ஏற்றலாம். காத்திருப்பு இல்லை, காலாவதித் தேதி இல்லை, குளிர் வெயில் பிரச்சினை இல்லை. தீ விபத்து என்று வந்தால் பசையைவிட இரும்பு அதிக நேரம் தாக்குப்பிடிக்கும்.

செங்கல்லில் மட்டும் கனமான விரியும் ஆங்கர் வேண்டாம். நெம்பும் விசை செங்கல்லைப் பிளந்துவிடும், அல்லது கலவை மூட்டோடு முழுச் செங்கல்லும் அசைந்துவிடும். ஹாலோ பிளாக்கில் அது பிடிக்கவே பிடிக்காது, உள்ளே வெறும் காற்றைத்தான் நெம்பிக்கொண்டிருக்கும். தொடர்ந்து அதிரும் இயந்திரங்களுக்கும் சாதாரண வகை ஏற்றதல்ல.

## ஸ்க்ரூ ஆங்கர்

தற்காலிகப் பொருத்தல்களுக்கு, பிறகு கழற்ற வேண்டியவற்றுக்கு இதுதான் முதல் தேர்வு. விரியும் ஆங்கரைவிட நெம்பல் குறைவு. ஆனால் துளையின் விட்டம் துல்லியமாக இருக்க வேண்டும். தேய்ந்த பிட்டில் போட்ட துளையில் பாதியிலேயே இறுகி நின்றுவிடும். கெட்டிப்படுத்திய எஃகு என்பதால், ஈரமான வெளிப்புற இடங்களில் துத்தநாகப் பூச்சு வகை உடையும் அபாயம் உண்டு. வெளியில் போடுவதென்றால் அதற்கென்று வரும் துருப்பிடிக்காத வகையைத்தான் எடுக்க வேண்டும்.

## பாலியஸ்டர்

கெமிக்கல் வகைகளில் மலிவானது. 300 மிலி கார்ட்ரிட்ஜ் சாதாரண சிலிக்கான் துப்பாக்கியிலேயே பொருந்தும். 20 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்களில் இறுகத் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்குள் கெட்டியாகிவிடும்.

குறைகள் மூன்று. இறுகும்போது சுருங்கும், அதனால் பெரிய துளைக்கும் தளர்வான துளைக்கும் ஏற்றதல்ல. ஈரமான கான்கிரீட்டின் காரத்தன்மை பாலியஸ்டர் பிணைப்பைக் காலப்போக்கில் அரிக்கும். வெப்பத்திலும் இளகும். சில வகைகளில் ஸ்டைரின் வாடை மூடிய அறையில் தலைவலியே வரவைக்கும். ஸ்டைரின் இல்லாதது என்று எழுதியதை வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

உலர்ந்த செங்கல் சுவரில், நடுத்தரச் சுமைக்கு இது தாராளமாகப் போதும். அங்கே முதலில் தோற்பது செங்கல்தான், பசை அல்ல. இரண்டு மடங்கு விலை கொடுத்து எபாக்ஸி வாங்கிச் செங்கல்லில் போடுவதால் வலிமை கூடிவிடாது.

## வினைல் எஸ்டர்

எனக்குத் தெரிந்து பெரும்பாலான கான்கிரீட் வேலைகளுக்கு விடை இதுதான். பாலியஸ்டர் போலவே சீக்கிரம் இறுகும், ஆனால் ஒட்டும் வலிமை, ஈரத்தையும் ரசாயனத்தையும் தாங்கும் தன்மை, வெப்பம் தாங்குவது எல்லாமே ஒரு படி மேல். ஈரத் துளையிலும் வெளிப்புறத்திலும் போடலாம். விரிசலுள்ள கான்கிரீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற வகைகளும் இதில் நிறைய உண்டு. ஹைப்ரிட் என்ற பெயரில் வருபவையும் ஏறக்குறைய இந்த வரிசைதான்.

வெயில் காலத்தில் இதன் வேகமே தொல்லையாகும். 20 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் கிடைக்கும் வேலை நேரம் (பசை இறுகத் தொடங்கும் முன் ராடைச் செருகக் கிடைக்கும் நேரம்), 35 டிகிரி சுவரில் இரண்டு மூன்று நிமிடமாகச் சுருங்கிவிடும். 20 துளைகளை வரிசையாகப் பசையால் நிரப்பிவிட்டு, பிறகு ராடு செருகத் தொடங்குபவர்கள் ஐந்தாவது ராடிலேயே மாட்டிக்கொள்வார்கள். ஒரு துளை, ஒரு ராடு என்று போக வேண்டும்.

## எபாக்ஸி

ஒட்டும் வலிமை அதிகம், சுருக்கம் மிகக் குறைவு, வேலை நேரம் நீளம். ஆழமான துளை, தடித்த ராடு, கான்கிரீட்டில் புதிதாக முறுக்குக் கம்பி பதிப்பது போன்றவற்றுக்கு இதுதான். 20 டிகிரியில் அரை மணி நேரம் வரை வேலை நேரம் கிடைக்கும் வகைகள் உண்டு. அரை மீட்டர் ஆழத் துளையில் கம்பியைத் திருகித் திருகி இறக்க அந்த நேரம் வேண்டும். டயமண்ட் கோரிங்கில் (வைரப் பற்கள் கொண்ட குழாய் பிட்டால் குடைவது) எடுத்த வழவழப்பான துளையில் போட அனுமதியுள்ளவை பெரும்பாலும் எபாக்ஸி வகைகளே. அதுவும் தயாரிப்பாளரின் சான்றில் அப்படி எழுதியிருந்தால் மட்டும்.

விலையைவிடக் காத்திருப்புதான் இதில் பெரிய செலவு. 20 டிகிரியில் கெட்டியாகப் பல வகைகளுக்கு 7 முதல் 12 மணி நேரம் ஆகும். 5 டிகிரியில் ஒரு நாளையும் தாண்டும். அதுவரை ராடைத் தொடக்கூடாது. பசையும் கெட்டிப்படுத்தியும் கலக்கும் விகிதம் 3:1 அல்லது 1:1 என்பதால் அதற்கேற்ற தனித் துப்பாக்கி வேண்டும். 10:1 விகிதத்தில் வரும் சிறிய பாலியஸ்டர், வினைல் எஸ்டர் கார்ட்ரிட்ஜ்கள் சாதாரணத் துப்பாக்கியில் பொருந்துவது போல் இது பொருந்தாது. எபாக்ஸியின் கெட்டிப்படுத்தி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும், அதனால் கையுறை கட்டாயம்.

## காப்ஸ்யூல்

கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் உறையில் அளந்து அடைத்த பசை. துளையில் போட்டு, ராடை ஹேமர் டிரிலில் சுழற்றி இறக்கினால் உறை உடைந்து கலந்துகொள்ளும். அளவு தவறாது, நாசில் (கார்ட்ரிட்ஜில் மாட்டிப் பசையைக் கலந்து பிழியும் முனை) வீணாகாது. ஒரே அளவில் நூற்றுக்கணக்கான துளைகள் என்றால் வசதி. ஆழத்தை மாற்ற முடியாது, செங்கல்லுக்கும் வெற்றிடத்துக்கும் ஆகாது.

## ஒரே பார்வையில்

| வகை | நன்றாகப் பொருந்தும் இடம் | 20 டிகிரியில் சுமை ஏற்ற | ஈரத் துளை | தவிர்க்க வேண்டிய இடம் |
|---|---|---|---|---|
| விரியும் ஆங்கர் | திடக் கான்கிரீட், போதிய ஓரம் | உடனே | பிரச்சினை இல்லை | செங்கல், ஹாலோ பிளாக், ஓரம் |
| ஸ்க்ரூ ஆங்கர் | கழற்றிப் பூட்ட வேண்டியவை | உடனே | பிரச்சினை இல்லை | துத்தநாகப் பூச்சு வகை வெளிப்புறத்தில் |
| பாலியஸ்டர் | உலர்ந்த செங்கல், நடுத்தரச் சுமை | சுமார் 1 மணி நேரம் | வேண்டாம் | ஈரம், வெப்பம், நிரந்தர இழுவை |
| வினைல் எஸ்டர் | பொதுவான கான்கிரீட், வெளிப்புறம் | சுமார் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் | ஆகும் | சூடான சுவரில் ஆழமான துளை |
| எபாக்ஸி | ஆழத் துளை, தடித்த ராடு, கம்பி பதிப்பு | 7–12 மணி நேரம் | ஆகும் | அவசர வேலை, குளிர் |

நேரங்கள் வகைக்கு வகை மாறும். அட்டையில் உள்ள பட்டியல்தான் இறுதி. அந்தப் பட்டியலில் சொல்லும் வெப்பநிலை சுவருடையது, காற்றுடையது அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்ந்த இரவுக்குப் பிறகு காலையில் காற்று 20 டிகிரியை எட்டியிருந்தாலும் தடித்த சுவரின் உள்ளே 10தான் இருக்கக்கூடும்.

## செங்கல்லும் பிளாக்கும்

கான்கிரீட்டில் பத்துக் கணக்கான கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை) தாங்கும் அதே எம்12 ராடு, செங்கல்லில் பெரும்பாலும் ஒற்றை இலக்கக் கிலோநியூட்டன்தான் தாங்கும். காரணம் பசை அல்ல, செங்கல்லும் அதைப் பிடித்திருக்கும் கலவையும்தான். எனவே செங்கல்லில் சுமையைக் கூட்ட வேண்டுமானால் பசையை உயர்த்தாதீர்கள். ராடுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வெவ்வேறு செங்கற்களில் பரப்புங்கள். கலவை மூட்டில் துளை விழாமல் செங்கல்லின் நடுவில் விழும்படி பார்த்துக்கொள்வது நல்லது. பூச்சு போட்ட சுவரில் அது எப்போதும் முடியாதுதான்.

பூச்சின் தடிமனை ஆழத்தில் சேர்க்கக் கூடாது. 80 மிமீ துளையில் 20 மிமீ பூச்சு என்றால் உங்கள் ஆங்கர் 60 மிமீதான்.

துளையுள்ள செங்கல்லிலும் ஹாலோ பிளாக்கிலும் வலைக்குழாய் (பசை வெற்றிடத்தில் கொட்டாமல் பிடித்துவைக்கும் துளைகளுள்ள உறை) இல்லாமல் பசை போடுவது வீண். கார்ட்ரிட்ஜ் முழுவதும் வெற்றிடத்துக்குள் போய்விடும், ராடு நுனியில் ஒன்றும் ஒட்டாது. வலைக்குழாயைச் செருகி, அதன் அடியிலிருந்து தொடங்கி முழுக்க நிரப்ப வேண்டும். ராடு உள்ளே போகும்போது பசை வலைக்கண்கள் வழியே பிதுங்கி, பிளாக்கின் உள் சுவருக்குப் பின்னால் ஒரு குமிழ் போல் இறுகும். பிடிப்பு அந்தக் குமிழில்தான். திடக் கான்கிரீட்டில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் போதும் என்ற விதி இங்கே செல்லாது.

இன்னொன்று: இவற்றில் டிரிலின் ஹேமரை அணைத்துவிட்டுச் சுழற்சியில் மட்டும் துளையிடுங்கள். ஹேமர் அடித்தால் உட்பக்கச் சுவர் பெயர்ந்துபோகும், குமிழ் எதைப் பிடிக்கும்? ஏஏசி பிளாக்குக்கும் இதே விதி. நட்டை முடுக்கும்போதும் கை அடக்கம் வேண்டும். கான்கிரீட்டில் எம்12க்குச் சாதாரணமாகக் கொடுக்கும் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கைச் செங்கல்லில் கொடுத்தால், அப்போதே ஆங்கர் போய்விடும்.

## துளையைச் சுத்தம் செய்வது

எந்தப் பசை என்று ஒரு வாரம் விவாதித்துவிட்டு, துளையை வாயால் ஊதிவிட்டுப் பசையைப் பிழிகிறார்கள். மொத்த வேலையின் தரமும் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. துளையின் சுவரில் மாவு போல் தூள் படிந்திருந்தால் பசை தூளில்தான் ஒட்டும், கான்கிரீட்டில் ஒட்டாது. சுத்தம் செய்யாத துளையில் விலை உயர்ந்த எபாக்ஸி போடுவதைவிட, ஒழுங்காகச் சுத்தம் செய்த துளையில் சாதாரண வினைல் எஸ்டர் போடுவதையே நான் நம்புவேன்.

முறை ஒன்றும் கடினமல்ல. பம்பின் குழாயைத் துளையின் அடி வரை விட்டு ஊதுவது, கம்பி பிரஷைத் திருகி அடி வரை விட்டு எடுப்பது, மறுபடி ஊதுவது. எத்தனை முறை என்பது அட்டையில் இருக்கும்; இரண்டு அல்லது நான்கு என்பது வழக்கம். பிரஷ் துளையைவிடச் சற்றுப் பெரியதாக, உள்ளே போகத் தயங்க வேண்டும். லேசாக வழுக்கிக்கொண்டு போனால் அது தேய்ந்துவிட்டது, வேறு மாற்றுங்கள். பெரிய, ஆழமான துளைகளுக்குக் கைப்பம்ப் போதாது, எண்ணெய் கலக்காத அழுத்தக் காற்று வேண்டும். வேக்கூமோடு இணைந்த உள்ளீடற்ற பிட்கள் தோண்டும்போதே தூளை உறிஞ்சிவிடும். துளைகள் அதிகமென்றால் அதில் போட்ட பணம் வீணாகாது. எப்படியானாலும் முகமூடி போடுங்கள், கான்கிரீட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது.

துளை சுத்தமான பிறகு நாசிலைப் பொருத்தி, முதலில் வரும் பசையைக் கொஞ்சம் வெளியே பிழிந்து எறிய வேண்டும். இரண்டு நிறங்களும் கலந்து ஒரே சீரான நிறமாக வரும் வரை அது கெட்டியாகாத பசை. அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே நாசிலை மெல்லப் பின்னுக்கு இழுங்கள், காற்றுப்பை விழக் கூடாது. ராடைத் திருகி இறக்கும்போது துளையின் வாயில் கொஞ்சம் பசை பிதுங்க வேண்டும். பிதுங்கவில்லை என்றால் உள்ளே எங்கோ காலி.

## தலைக்கு மேல் தொங்குபவை

2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு சுரங்கச் சாலையின் கான்கிரீட் கூரைப் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து, உள்ளே இருந்த ஒருவர் இறந்தார். பலகைகளைத் தாங்கியவை எபாக்ஸி ஆங்கர்கள். அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது தெரிந்தது: பயன்படுத்திய வேகமாக இறுகும் எபாக்ஸி, நீண்ட காலச் சுமையில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து ராடை விட்டுக்கொடுக்கும் வகை. 2012 டிசம்பர் 2 அன்று ஜப்பானின் சசாகோ சுரங்கத்திலும் கூரைப் பலகைகள் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கேயும் பலகைகள் தொங்கியது பசை ஆங்கர்களில்தான்.

இந்த நெகிழ்வைச் சில நிமிட இழுப்புச் சோதனை காட்டிக்கொடுக்காது. பசை ஒரு பாலிமர். ஓயாத இழுவையில், அதுவும் சூட்டில், கொஞ்சம் கொஞ்சமாக நீளும். அதனால்தான் அமெரிக்க விதியான ஏசிஐ 318, நிரந்தர இழுவைக்குப் பசையின் வலிமையில் 55 சதவீதத்தை மட்டுமே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கிடைமட்டமாகவோ மேல்நோக்கியோ போட்டு நிரந்தர இழுவை ஏற்றும் பசை ஆங்கர்களை, சான்று பெற்ற ஆட்களே நிறுவ வேண்டும் என்றும் அதே விதி கேட்கிறது. மேல்நோக்கிய துளையில் பசை வழிந்து காற்றுப்பை விழுவது எளிது என்பதும் ஒரு காரணம்.

ஆக, கூரையிலிருந்து கனமான ஒன்றை நிரந்தரமாகத் தொங்கவிட வேண்டுமானால், விரிசலுள்ள கான்கிரீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற விரியும் ஆங்கர் அல்லது அண்டர்கட் ஆங்கர்தான் (துளையின் அடியை அகலமாக்கி, அங்கே விரிந்து பூட்டிக்கொள்வது) என் முதல் தேர்வு. வழியில்லாமல் கெமிக்கலுக்குப் போனால், நீண்ட காலச் சுமைக்குச் சோதிக்கப்பட்ட பசையை எடுத்து, கட்டமைப்புப் பொறியாளரிடம் கணக்கு வாங்கிக்கொண்டு போங்கள். கெட்டுப்போனால் யார் தலையிலாவது விழும் எதையும் ஊகத்தில் செய்யக் கூடாது.

வெப்பமும் இதோடு சேர்ந்தது. ஐரோப்பிய சான்றுகளில் பசையின் பயன்பாட்டு வெப்பநிலையை நீண்ட காலம், குறுகிய காலம் என்று இரண்டு எண்களில் கொடுப்பார்கள்: 24/40, 50/80 என்பது போல. வெயிலில் காயும் கருநிற இரும்புத் தகடு 60 டிகிரியைத் தாண்டக்கூடும். 24/40 எண்ணுக்குக் கொடுத்த வலிமையை அங்கே நம்பக் கூடாது. பசை இறுகிய ராடில் பிறகு வெல்டிங் வைப்பதும் இதே காரணத்துக்காகத் தவறு. வெல்டிங்கை முதலில் முடித்துவிட்டு ராடைப் பதியுங்கள்.

## அட்டையில் தெரியாத செலவு

கார்ட்ரிட்ஜ் விலையை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும். துப்பாக்கி, பம்ப், ஒவ்வொரு விட்டத்துக்கும் ஒரு பிரஷ், வலைக்குழாய்கள், அப்புறம் நாசில்கள். நாசில்தான் பணத்தைத் தின்னும். வேலை நேரத்தைவிட அதிக நேரம் நிறுத்தினால் உள்ளே பசை இறுகிவிடும், புதியது மாட்ட வேண்டும். மூன்று துளை போட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து மூன்று போட்டால் இரண்டு நாசில். எல்லாத் துளைகளையும் முதலிலேயே போட்டுச் சுத்தம் செய்துவிட்டு, பசையை ஒரே மூச்சில் முடிப்பதுதான் சிக்கனம்.

பசையின் அளவைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். எம்12 ராடு, 14 மிமீ துளை, 110 மிமீ ஆழம். துளையின் கொள்ளளவு சுமார் 17 மிலி, மூன்றில் இரண்டு பங்கு என்றால் 11 மிலி. 300 மிலி கார்ட்ரிட்ஜில் வீணாவது போக 25 துளைகள் வரும். 16 மிமீ விட்டம், 85 மிமீ நீள வலைக்குழாயை முழுதாக நிரப்பவும் 17 மிலி போகும், ஆனால் அங்கே முழுக்க நிரப்ப வேண்டும் என்பதால் 15 துளைகள்தான் தேறும். நான்கே துளைகளுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கினால் மீதியைப் பத்திரப்படுத்தலாம்தான், ஆனால் காலாவதித் தேதியைப் பாருங்கள். பாலியஸ்டருக்கு ஓராண்டை ஒட்டியும், எபாக்ஸிக்கு இரண்டு ஆண்டு வரையிலும் வழக்கம். வெயிலில் நிற்கும் வண்டியில் கிடந்த கார்ட்ரிட்ஜுக்கு அந்தத் தேதியும் பொருந்தாது.

நான்கு துளைகள், நல்ல கான்கிரீட், ஓரம் தள்ளி, வெட்டுவிசை மட்டும். இப்படியொரு வேலைக்கு இத்தனையும் வாங்குவது அர்த்தமில்லை. நான்கு விரியும் ஆங்கர் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

## சில நிலைமைகளும் என் தேர்வும்

மாடிப்படி அல்லது பால்கனிக் கைப்பிடியைக் கான்கிரீட் விளிம்பில் நிறுத்துவதென்றால் வினைல் எஸ்டர், துருப்பிடிக்காத ராடு, ஓரம் குறைவு என்பதால் ஆழத்தைக் கூட்டி. ஆட்கள் சாய்வது என்பதால் கணக்கும் வேண்டும். அதிரும் இயந்திரத்தின் அடித்தளத்துக்கு வினைல் எஸ்டரோ எபாக்ஸியோ, வேலையை நிறுத்தி வைக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து. வாட்டர் ஹீட்டரோ கனமான அலமாரியோ திடச் செங்கல்லில் என்றால் பாலியஸ்டர், ஈரச் சுவரானால் வினைல் எஸ்டர். அதே பொருள் ஹாலோ பிளாக்கில் என்றால் வலைக்குழாயோடு, ராடுகளைக் கூட்டி. புதிய தூணுக்கோ ஸ்லாபுக்கோ கம்பி நீட்டுவது எபாக்ஸி, பொறியாளர் சொல்லும் ஆழத்தில். இன்னும் முற்றாத கான்கிரீட்டில் எந்தப் பசையும் வேண்டாம். ஏசிஐ 318 குறைந்தது 21 நாள் ஆன கான்கிரீட்டைக் கேட்கிறது.

டிரில் உள்ளே கம்பியில் முட்டித் துளை பாதியில் நின்றுபோவது அடிக்கடி நடக்கும். அதை அப்படியே விட்டு ஒரு விரல் தள்ளிப் புதுத் துளை போடாதீர்கள். கைவிட்ட துளையின் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போட வேண்டும். அவ்வளவு இடமில்லை என்றால், பழைய துளையைச் சுருங்காத உயர்வலிமைக் கலவையால் அடைத்து, அது இறுகிய பிறகு அருகில் துளையிடலாம்.